ஆறு குரல் பெட்டி

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று முப்பத்தொரு எக்ஸ்ரே. அதில் பத்தொன்பது முழங்கால். மழை பெய்தால் பாதி ஊர் வழுக்கி விழுந்து என் அறைக்குத்தான் வருகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

வேலை முடிந்து படியேறும்போது மேல்வீட்டு டீச்சர் வழிமறித்தார். பள்ளியில் கைவேலை கற்றுத்தருபவர். ஓய்வு நேரத்தில் தோழிகள் மூன்று பேரோடு பொம்மலாட்டம் நடத்துகிறார். "சாயங்காலம் உங்க வீட்லேருந்து ஒரு சத்தம் வருமே, நீங்களா வாசிக்கிறீங்க?" என்றார். திட்டத்தான் போகிறார் என்று "குறைச்சு வெச்சுக்கிறேன் டீச்சர்" என்றேன். "ஐயோ, குறைக்காதீங்க!" என்றார்.

27ஆம் தேதி நூலகக் கூடத்தில் புது நாடகம். கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தைக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் கதை. நேரில் உட்கார்ந்து வாசிக்க ஆள் வேண்டுமாம். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். உள்ளே அழைத்து வந்து ஒரு மெட்டு வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "அழகா இருக்கு. ஆனா கடல் ஒத்தைச் சத்தமா இருக்காதே?"

உண்மை. மின்சாரத்தில் ஒலிக்கும் என் சிந்தசைசர் பெட்டிக்கு ஒரே குரல். எத்தனை கட்டையை அழுத்தினாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும்.

21ஆம் தேதி மறுபடி வந்து கேட்பார். சரியாக அமையாவிட்டால் கம்ப்யூட்டரில் பதிவு செய்த இசையைப் போட்டுக்கொள்வார்களாம். அவர் மேல் தப்பில்லை. ஆனால் எட்டு வருடமாக, பெட்டியைத் தாங்கும் இஸ்திரி மேசையும் நானும் மட்டும் கேட்ட இசை இது. முதல் தடவையாக ஒருத்தர் வந்து கேட்டிருக்கிறார். இதை நான் விடப்போவதில்லை. விடவே மாட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

பல குரல் சிந்தசைசர் வாங்குகிறேன்! எழுதிப் பார்த்தாலே குஷியாக இருக்கிறது.

புது ஃப்ரிட்ஜுக்கென்று வைத்த பணம்தான் கையில் இருக்கிறது. அதற்குள் முடிய வேண்டும். பழைய ஃப்ரிட்ஜ் உறுமினாலும் ஓடுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உறுமட்டும் விடு, அதுவும் ஒரு இசைதானே" என்றார். நல்ல மனுஷன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மூன்று நாளாக வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. சாப்பிடும்போதும் அதே பேச்சு. மகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

என் விலைக்குள் மூன்று நிற்கின்றன. ஒன்று குட்டி, நாலு குரல். இன்னொன்று எட்டு குரல், வழவழவென்று ஒரு திரையோடு. மூன்றாவது பழையது, யாரோ வைத்திருந்து விற்றது. ஆறு குரல், இரு பக்கமும் மரப் பலகை. அதற்கு மரக்கன்னம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நாலு குரலில் ஐந்தாவது கட்டையை அழுத்தினால் என்ன ஆகும் என்று இவர் கேட்டார். முதலில் ஒலித்தது நின்றுவிடும் என்றேன். லிஃப்ட் மெக்கானிக் மூளை உடனே பிடித்துக்கொண்டது. "அப்போ நாலு பேர் லிஃப்ட். அஞ்சாவது ஆள் ஏறினா முதல் ஆள் இறங்கணும்." எந்த வீடியோவிலும் ஒருத்தரும் இவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 6, சனி

கடைக்குப் போனேன். ஒரு அம்மா தனியாக நடத்துகிறார். பாதி விற்பனை, பாதி ரிப்பேர். கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்குகிறது, கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஹெட்போனைக் கொடுத்துவிட்டு "எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாசிங்க, மேடம்" என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

குட்டியை வாசித்தேன். வீடியோவில் பொங்கி வழிந்த ஒலி என் கையில் சோகை பிடித்துக் கிடந்தது. மெல்ல எழவேண்டிய ஒலி எழுவதற்குள் மடிந்துவிடுகிறது. நாலு குரல் போதாதுபோல. குட்டி வேண்டாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எட்டு குரல்தான். முடிவு செய்துவிட்டேன். எட்டு!

செப்டம்பர் 10, புதன்

இன்று மதியமே கிளம்பி ஓடினேன். எட்டு குரலும் அதே சோகை. மரக்கன்னமும் அதேதான்!

என்னடா இது? மூன்றும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு விலை. மூன்றும் சேர்ந்து என்னை ஏமாற்றுகின்றனவா? வீடியோக்காரர்கள் என்னதான் பண்ணித் தொலைக்கிறார்கள்? என் விலைக்கு இவ்வளவுதான் வரும் என்றால் முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. கடைக்கார அம்மாவிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் மகள், "அம்மா, அதைவிட நாலு மடங்கு விலையில ஒண்ணு இருக்கே" என்றாள். அவளை முறைத்தேன். பாவம், உதவத்தான் சொன்னாள்.

21க்கு பதினொரு நாள்.

செப்டம்பர் 11, வியாழன்

ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாமா?

செப்டம்பர் 13, சனி

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் கடையிலேயே செய்து முடித்தாயிற்று.

கடைசியாக ஒரு தடவை என்று போனேன். மரக்கன்னத்தின் முன் உட்கார்ந்து அதே சோகை ஒலியை வாசித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"வீட்ல என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒரு குரல் பெட்டி. எட்டு வருஷமா."

"அதான்" என்றார். "நீங்க அடுத்த கட்டைக்குப் போறதுக்கு முன்னாடி பழைய விரலை எடுத்துடறீங்க. ஒவ்வொரு தடவையும். மூணு நாளா பாக்கிறேன்."

இல்லை என்றேன். மூன்று கட்டையையும் சேர்த்துத்தான் பிடிக்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். "வாசிங்க" என்றார். வாசித்தேன். நானே குனிந்து பார்த்தேன். மோதிரவிரல் இறங்கும்போது நடுவிரல் மேலே போகிறது! சுண்டுவிரல் இறங்கும்போது மோதிரவிரல்! நான் சொல்லவே இல்லை, அதுபாட்டுக்குப் போகிறது.

என் பழைய பெட்டியில் ஒரு கட்டையை அழுத்தியபடியே அடுத்ததைத் தொட்டால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். எட்டு வருடம் அப்படியே பழகிய விரல். நாலு குரல் கொடுத்தாலும் நாற்பது கொடுத்தாலும் அது ஒன்றைத்தான் வாசிக்கும். இந்த லட்சணத்தில் மூன்று சிந்தசைசரைக் குறை சொல்லி ஒதுக்கியிருக்கிறேன்!

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றேன். "உங்க பாணியே அதுதான்னு நினைச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பிறகு என் நடுவிரல் மேல் தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இப்போ மோதிரவிரலை வைங்க. இப்போ சுண்டுவிரல்." வைத்தேன். அடியிலிருந்து ஒலி கிளம்பியது. ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு, மெல்ல அகலமாகி, ஹெட்போன் கொள்ளாமல். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த அம்மா என் பக்கம் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

அதன் பிறகு மூன்றையும் மறுபடி முதலிலிருந்து! மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று. இப்போது எல்லாமே பிரமாதம், எதை எடுப்பது என்பதுதான் திண்டாட்டம். குட்டியின் கட்டைகள் குழந்தை விரலுக்குத்தான் சரி. திமிங்கிலத்துக்கான இசையில் அடியில் மூன்று சுரம் நிற்க வேண்டும், மேலே குறைந்தது இரண்டு நகர வேண்டும். நாலு பேர் லிஃப்ட் பத்தாது. எட்டு குரலில் ஒலியை மாற்றத் திரைக்குள் நுழைந்து ஐந்து படி இறங்க வேண்டும். பொம்மைத் திரைக்குப் பின்னால், மங்கலான வெளிச்சத்தில், அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க முடியுமா? மரக்கன்னத்தில் ஒரு திருகு குமிழுக்கு ஒரு வேலை. கண்ணை மூடிக்கொண்டு தடவியே கண்டுபிடித்துவிட்டேன்.

மரக்கன்னம்தான். கட்டிக் கொடுக்கும்போது அந்த அம்மா, "கீழ்க் கோடி கட்டை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அழுத்தி வாசிங்க, வழிக்கு வரும்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இஸ்திரி மேசை பாரம் தாங்காமல் ஆடியது. கழித்துப்போட்ட லிஃப்ட் கதவுத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து இவர் மேசை அடித்துக் கொடுத்துவிட்டார். அரைநாள் வேலை. "எட்டு பேரைத் தாங்கின லிஃப்டோட கதவு, உன் ஆறு பேரைத் தாங்காதா?" என்கிறார். காலையிலிருந்து இதோடு நாலு தடவை சொல்லிவிட்டார்.

வீடு நிறைந்து ஒலிக்கிறது. மகள்கூடத் தன் அறைக் கதவை மூடவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

விரல் பேச்சுக் கேட்க மாட்டேன் என்கிறது. கவனித்தால் நிற்கிறது. மெட்டில் மனம் போனால் உடனே எடுத்துவிடுகிறது. மகள் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்து, நான் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தகட்டில் தட்டுகிறாள். டங்! டங்! டங்! அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! பதினாலு வருடம் நான் அவளைத் திருத்தியதற்கெல்லாம் ஒரே வாரத்தில் வாங்கிவிடுவாள்போல.

செப்டம்பர் 18, வியாழன்

ஐம்பத்திரண்டு டங்.

செப்டம்பர் 20, சனி

ஏழு! நாளைக்கு டீச்சர் வருகிறார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வந்தார். தோழிகள் மூவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்! ஒருத்தர் கையில் திமிங்கிலம், சாம்பல் துணியில் தைத்தது, ஆள் நீளம் இருக்கும். கூடத்து நடுவில் அதைக் கிடத்தினார்கள். நான் வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் விரல் எடுத்துவிட்டது. எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைக்கிறேன். மகளுக்கும் தெரிந்திருக்கும், பென்சில் கையில் துடித்தது.

முடித்ததும் தோழிகள் திமிங்கிலத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு டீச்சர் கேட்டார்: "27ஆம் தேதி மூணு மணிக்கே வந்துட முடியுமா? வயர் எல்லாம் மாட்டணுமில்ல?"

வந்துட முடியுமாவா! இப்போதே கிளம்பவா என்று கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 27, சனி

வந்து சேர்ந்தாயிற்று. கோணல் மாணலாகத்தான் எழுத வருகிறது.

கூடம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சி வரை எல்லாம் ஒழுங்கு. திமிங்கிலம் கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போக வேண்டும். அரை நிமிடம், நான் அடியில் மூன்று சுரம் பிடித்து முடித்துவிட வேண்டும். பாதி வழியில் திமிங்கிலம் நின்றுவிட்டது. மேலே கயிறு சிக்கிக்கொண்டது. டீச்சர் ஸ்டூலில் ஏறி நின்று சிக்கை எடுக்கிறார். என்னைப் பார்த்து வாயசைத்தார்: "விடாதீங்க."

விடவில்லை. அடியில் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, வலது கையில் ஒன்றை மாற்றினேன், இன்னொன்றை மாற்றினேன். அரை நிமிடத்துக்கான இசைதான் என்னிடம் இருந்தது. மற்றதெல்லாம் அங்கேயே பிறந்தது. திருகைத் தடவித் தடவி ஒலியை மூடினேன், திறந்தேன். திமிங்கிலம் மூச்சு விடுவதுபோல் வந்தது, நான் நினைத்துச் செய்யவில்லை. எவ்வளவு நேரம்? இவர் நாலு நிமிடம் என்கிறார். மகள் ஆறு என்கிறாள். சுண்டுவிரல் மரத்துப்போய்விட்டது. எடுக்கவில்லை!

அப்புறம் ஒரு குழந்தை முன்வரிசையிலிருந்து, "போ, போ" என்று திமிங்கிலத்திடம் சொன்னது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. கடைசியில் கூடம் முழுக்க, பெரியவர்களும்கூட, "போ, போ!" கயிறு விடுபட்டது. திமிங்கிலம் போயிற்று. எப்படிக் கத்தினார்கள்!

நாடகமே அப்படித்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து, "இனிமே கயிறை வேணும்னே சிக்க விடணும்" என்றார். அடுத்த மாதம் மூன்று இடத்தில் நாடகம். மூன்றுக்கும் நான்.

செப்டம்பர் 29, திங்கள்

முதல் ஆள், மார்பு எக்ஸ்ரே, எழுபது வயதிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று "நல்லா மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். படம் எடுத்தாயிற்று. அடுத்த நாடகத்தின் தொடக்கத்துக்கு ஒரு ஐந்து சுரம் தோன்றியது. கை மேசைமேல் தானாக இறங்கி அதைப் பிடித்துப் பார்த்தது. ஐந்து விரலும் நின்றன.

அறைக்குள்ளிருந்து திணறலாக ஒரு குரல் வந்தது.

"அம்மாடி... விடலாமா?"