பெட்டிக்குப் போட்ட மாலை

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் கம்ப்யூட்டர் பெட்டியும் சுகம், குவாஹாட்டியில் நீயும் சுகமாக இருக்க மாகாளியம்மன் துணை. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. இந்த ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று, முதியோர் வகுப்பு டீச்சர் தேஜஸ்ரீ ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜைக்குத் தறி எட்டையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தோம். நீ இங்கே ஓட விட்டுப்போன பெட்டியை மட்டும் நிறுத்தவில்லை. மருந்தின் மூலக்கூறு புரதத்தில் ஒட்டுமா என்று அது இருபத்தாறு நாள் நிற்காமல் கணக்குப் போட வேண்டும், மாதக் கடைசிக்குள் முடிந்தால்தான் உன் கட்டுரை போகும் என்றாயே, மறக்கவில்லை. பிராசசர் மேஸ்திரி, கிராபிக்ஸ் கார்டுதான் ஆயிரம் தறி என்றும் சொன்னாய். ஆயிரம் தறியைப் பூவில்லாமல் விடுவதா என்று நான்தான் செவ்வந்தி மாலையை அதன் தலையில் போட்டேன். ஓடற மிசினுக்கு ஆருங்க மாலை போடுவாங்க என்று அம்மா முறைத்தாள்.

அரை மணியில் பெட்டிக்குள் இருக்கும் ஃபேன் கத்த ஆரம்பித்தது, முகப்பில் எப்போதும் 68 காட்டும் சூடு 91 ஆகிவிட்டது. ஏனுங்க, வெடிச்சுப்போடும், சுச்ச அமுத்திப்போடுங்க என்று அம்மா அலற, நானும் சுவிட்சில் கையை வைத்துவிட்டேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு யஷ்வந்த் படிக்க நீ ஒட்டிப்போன சீட்டு கண்ணில் பட்டது. அவனோ மேட்டுப்பாளையம் போயிருந்தான். விரலை வைத்து எழுத்தெழுத்தாக நானே படித்தேன்: நிறுத்த வேண்டாம், மேலே காற்றுப் போகும் வழியை மறைக்க வேண்டாம். மாலையை எடுத்தேன். ஒரு இதழும் உள்ளே விழவில்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். 84, 75 என்று இறங்க இறங்கத்தான் எனக்கு மூச்சு வந்தது. கோவித்துக்கொள்ளாதே அம்மிணி, கணக்கு ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

இப்போது உன் சீட்டின் கீழே நானும் ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறேன், பூவைப் பக்கத்தில் வைக்கவும் என்று. அம்மா அதைத் தினமும் படித்துக் காட்டச் சொல்கிறாள், அடுத்த வாரம் அவளும் வகுப்புக்கு வருகிறாளாம். கரண்டு போனால் யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்குகிறது, அதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிடுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பெட்டிக்குத்தான் தூக்கம் வேண்டாம், உனக்கு வேண்டும். நூறு வருசம் நன்றாக இரு கண்ணு. கணக்கு முடிந்ததும் போனில் சொல்லிவிடாதே, எழுதிப் போடு. நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத உன் அப்பா,
பாலுசாமி
கருமத்தம்பட்டி