மாம்பலம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை

பக்கத்து வீட்டில் பீரோவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த வாசனை நம் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. எனக்குத் தனியாகச் சிரிப்பு வேறு. கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டிய நீங்கள்தான் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்களே. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

மயிலாப்பூர் வாடகை வீட்டில் நாம் சாப்பிட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா? புகை படிந்த சுவர், பட்டப்பகலில் விளக்கு. வந்த விருந்தாளி மோர் சாதத்துக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்துவிடுவார். மாம்பலத்தில் சொந்த வீடு கட்டிக் குடிவந்ததும், "சாப்பிடற எடமே, 'வாங்கோ, உக்காருங்கோ'ன்னு கூப்பிடணும்" என்று ஆரம்பித்தீர்கள். சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடித்தீர்கள். தோட்டத்துப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சீமைக்குத் திரும்புகிற துரை ஒருவர் அடையாறில் சாமான்களை ஏலம் விட, ஒரு மேஜையையும் இரண்டு நாற்காலிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதில் யார் யார் என்னென்ன தின்றார்களோ என்று உங்கள் அம்மா வாசலிலேயே மறித்தார். கங்கா ஜலம் தெளித்த பிறகுதான் அது உள்ளே வந்தது.

உங்கள் மனசில் இருந்தது மேஜை இல்லை. நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒன்றைக் காட்டி, "இது ஒனக்கு" என்றீர்கள். நான் கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன். மாமியார் கண்ணெதிரே புருஷனோடு உட்கார்ந்து சாப்பிட்ட மாட்டுப்பெண் நம் தெருவில் கிடையாது. நீங்கள் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் எனக்குச் சாப்பாடு. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் முதல் நாள் நின்றுகொண்டே பரிமாறினேன்.

அந்தப் பளபளப்பில் வாழை இலை ஓரிடத்தில் நிற்கவில்லை. ரசத்தை விட்டேன். நீங்கள் சாதத்தால் அணை கட்டுவதற்குள் இலை வழுக்கி, ரசம் மொத்தமும் உங்கள் மடியில். வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு குதித்தீர்கள். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் இப்படித்தான் என்றார் அம்மா.

நீங்கள் வேஷ்டி மாற்றிக்கொண்டு வருவதற்குள் அதைவிடப் பெரிய காரியம் நடந்துவிட்டது. எச்சில் பட்ட இடத்தைச் சாணமிட்டு மெழுகாமல் அம்மாவால் இருக்க முடியுமா? ஒரு உருண்டைச் சாணியைக் கரைத்து, மேஜையை நாலு காலோடும் சேர்த்து மெழுகி வைத்திருந்தார். "இப்பத்தான் நம்மாத்து மேஜை மாதிரி இருக்கு" என்றார் பெருமையாக. வார்னிஷ் போன இடம் தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நான் கொல்லைப் பக்கம் ஓடினேன்.

மேஜை வடாம் காயப்போட மொட்டை மாடிக்குப் போயிற்று. அதோடு என் இடமும் போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் மஞ்சள் சுவரோரம் எதிரெதிரே இரண்டு மணை போட்டீர்கள். ஒன்றில் உட்கார்ந்தீர்கள். இலையில் கை வைக்கவில்லை. சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா எதைப் பொறுத்தாலும் சாதம் ஆறுவதைப் பொறுக்கமாட்டார். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"போடி, போய் உக்காரு. இவன் பட்டினி கெடந்தா அந்தப் பாவம் யாருக்கு?"

பரிமாறுகிறவளுக்குப் புருஷனுடைய குடுமிதான் தெரியும். அன்றுதான் நீங்கள் சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தேன். ரசம் சாதத்தின் முதல் கவளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டீர்கள், குழந்தை மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது நம் பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் கரண்டி என் கைக்கு வந்துவிடும். அவன் பெண்டாட்டி எதிர் மணையில் உட்காருவாள். வந்த புதிதில் அவளும் என்னைப் போலத்தான் கதவோரம் ஒதுங்கினாள். நேற்று சாப்பிட்டு முடித்ததும் சமையலறைக்கு வந்து, "அம்மா, ரசம் சாதம்னா இவர் கண்ணை மூடிக்கறார், பாத்திருக்கேளா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

பார்த்திருக்கிறேன் என்றேன்.