கன்னடம் தெரியாத கணக்கு டீச்சர்

ஜூலை 3
தங்கை தூங்கியபிறகு போர்வைக்குள் எழுதுகிறேன். அப்பா பார்த்தால் கிழித்துவிடுவார்.

புதிய கணக்கு டீச்சர் ஜிஷாவுக்குக் கன்னடம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நாங்கள் பத்தாம் வகுப்பு, கன்னட வழி. மலையாளத்தில் நடத்துகிறார். கடைத்தெரு மலையாளம் எங்களுக்கு வரும். தேற்றமும் நிரூபணமும் வருமா?

பெற்றோர் கூட்டத்தில் பள்ளி மேனேஜர் பல்லாள் சொன்னாராம்: "கேரளத்துல நாம மொழிச் சிறுபான்மை. ஸ்கூல் நடத்துற உரிமையை அரசியல் சட்டமே நமக்குக் கொடுத்திருக்கு. யாரை டீச்சரா வைக்கணும்னு வெளியாள் சொல்ல முடியாது."

அந்த உரிமையை எதற்குக் கொடுத்தார்களாம்? ஜிஷா டீச்சர் அவருடைய பாக்கு மண்டிக் கூட்டாளியின் மருமகள். அதை ஒருவரும் கேட்கவில்லையாம். அப்பாவும்தான் — பல்லாளின் தோட்டத்தில் அல்லவா வேலை செய்கிறார்.

ஜூலை 8
யாரோ புகார் அனுப்பிவிட்டார்கள். நாளை காசர்கோட்டிலிருந்து அதிகாரி வருகிறார்.

"என்ன கேட்டாலும் தலையை ஆட்டிடு" என்றார் அப்பா, சோறு பிசைந்துகொண்டே. பல்லாள் சொல்லச் சொன்னாரா? அப்பாவே பயந்தாரா? பக்கத்து பெஞ்ச் யக்ஷிதா வேறு, "நீ என்ன சொல்லப்போறே?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவள் மாமா பள்ளியில் குமாஸ்தா. அவளிடம் சொன்னால் பல்லாள் காதுக்குப் போய்விடும்.

ஜூலை 9
நாசமாக்கிவிட்டேன்.

அதிகாரி என்னைக் காட்டி மலையாளத்தில் கேட்டார், "டீச்சர் சொல்றது புரியுதா?" எழுந்து சொன்னேன், "இல்ல சார், கன்னடத்துல சொன்னாத்தான் கணக்கு புரியும்."

சொன்னது மலையாளத்தில். எங்கள் ஊரில் யார் எந்த மொழியில் கேட்டாலும் அதே மொழியில் பதில் சொல்லித்தான் பழக்கம். மீன்காரரிடம் மலையாளம், வீட்டில் துளு, வகுப்பில் கன்னடம். யோசிக்கவே இல்லை.

"இவ்வளவு அழகா மலையாளம் பேசுறியே மோளே, அப்புறம் என்ன கஷ்டம்?" அவர் சிரித்தார். பல்லாளும் சிரித்தார்.

ஜூலை 10
"ஏண்டி மாராய்த்தி, உங்கப்பாவுக்குக் கூலி ஏறிச்சா?" — யக்ஷிதா, எல்லோர் முன்னாலும். நான் அவளைச் சந்தேகப்பட்டேன். இப்போது, பல்லாளுக்காகத்தான் மலையாளத்தில் பேசினேன் என்று வகுப்பே என்னைச் சந்தேகப்படுகிறது.

மாலையில் பல்லாள் அப்பாவிடம் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினார். எனக்காம். நான் தொடவில்லை.

ஜூலை 22
புகார் மேலிடம்வரை போனதாம்; நாளை மறுபடி விசாரணை. திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருகிறார். அப்பா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 23
அவரும் மலையாளத்தில்தான் கேட்டார். பதில் மலையாளத்திலேயே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். கன்னடத்தில் சொன்னேன், மெதுவாக, முழுவதும்.

அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஜிஷா டீச்சரிடம் திரும்பினார். "குட்டி என்ன சொல்லுது, டீச்சர்?"

டீச்சர் தரையைப் பார்த்தார். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "சும்மா இருடி" என்று யக்ஷிதா அதட்டினாள். டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. அவரும் பாவம்தானோ?

ஆகஸ்ட் 4
புதிய டீச்சர் வந்தார். முதல் பாடத்திலிருந்து மறுபடி, கன்னடத்தில்.

வீடு திரும்பியபோது அப்பா பகலிலேயே வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "நாளையிலேருந்து வேற தோட்டம் தேடணும்" என்றார். நான் புத்தகப் பையை இறக்கிவைத்தேன். கத்தியின் முனையைப் பார்த்தபடி கேட்டார்:

"இன்னிக்குக் கணக்கு புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன்.