பாக்கெட் தையல் பிரிக்காத கோட்டு

அன்பு மருமகள் சுண்டெலிக்கு,

ஏழு கடல் தாண்டி எட்டாவது கடலின் நட்டநடுவிலிருந்து உன் மாமா எழுதிக்கொள்வது. நான் நலம், அத்தை நலம். எங்கள் இருவருக்கும் இடையில்தான் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

இந்தக் கப்பலில் இன்று ஆடம்பர விருந்தாம். கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிப் போயிருக்கிறார்கள்: ஆண்கள் கோட்டு அணிந்து வருவது விரும்பத்தக்கது. கட்டாயம் என்றால் சண்டை போடலாம். தேவையில்லை என்றால் பனியனோடு போகலாம். விரும்பத்தக்கது என்றால் மனுஷன் என்னதான் செய்வது? வரவேற்பு மேசைக்கு மூன்று முறை ஏறி இறங்கினேன். "உங்க விருப்பம் சார்" என்று மூன்று முறையும் அதே முப்பத்திரண்டு பல்லைக் காட்டினான் அந்தப் புண்ணியவான். என் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

அறையோ தீப்பெட்டி. நான் கை நீட்டினால் அத்தை மூச்சை அடக்க வேண்டும். அதற்குள் நாலு சட்டை மாற்றியாயிற்று. கட்டம் போட்டதில் கணக்கு நோட்டுப் போல இருக்கிறேன். வெள்ளையில் போனால் என்னிடமே தண்ணீர் கேட்பார்கள்.

அப்போதுதான் அத்தை பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினாள். உன் கல்யாணத்துக்கென்று தைத்தது. இரண்டு வருடமாகியும் பாக்கெட்டை மூடிய தையலைக்கூடப் பிரிக்கவில்லை. "மாமா, மேடையில மைக்க மட்டும் பிடிச்சுடாதீங்க" என்று நீ சொன்ன ஒரு சொல்லுக்கு எரிமலையாகி, வாசற்படி தாண்டாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேனே, அன்றைக்குப் போட வேண்டிய கோட்டு.

பார்க்க வேண்டியவள் பார்க்காததை முன்பின் தெரியாத மூவாயிரம் பேருக்குக் காட்டுவதா என்று கர்ஜித்தேன். கப்பலே ஒரு பக்கம் சாய்ந்தது, அத்தை சாயவில்லை. "சரி, நான் மட்டும் போயிட்டு வரேன். தனியாப் போய் எல்லாருக்கும் பதில் சொல்றது எனக்கென்ன புதுசா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

போட்டுக்கொண்டேன்.

பொத்தான் எட்டவில்லை. என் வயிற்றின்மேல் பழி இல்லை, கோட்டு கோபத்தில் சுருங்கிவிட்டது. அத்தை கதவைப் பிடித்தபடி, காவியமா எழுதுறீங்க என்கிறாள். சற்று முன் சின்னக் கத்திரிக்கோலோடு பாக்கெட் தையலை வெட்ட வந்தாள். அதற்கு மட்டும் விடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டுதான் சாப்பிடப் போகிறேன்.

நாளை கப்பல் நிற்கும் இடத்தில் இதைத் தபாலில் சேர்ப்பேன். பதினைந்து நாள் கழித்து உன் ஊர்த் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்போம். வரலாமா? சரி என்று அத்தையின் போனுக்கு ஒரு சொல் போதும். வந்தால் வாயே திறக்க மாட்டேன். அது பொய், குறைவாகத் திறப்பேன். இதே கோட்டோடு உன் வீட்டு வாசலில் நிற்கிறேன். கதவைத் திறக்க வரும்போது ஒரு கத்திரிக்கோல் எடுத்து வா, தையலை நீயே வெட்டிவிடு.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டது: இரண்டு பேரும் நல்லா இருங்கம்மா.

உன் மாமா