பின்னால் நின்றவன்

பார்ட்னர்,

இரண்டு மாதமாக உன் முகத்தில் விழிக்காதவன் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே.

அன்று இரட்டையர் பாட்மிண்டன் ஆட்டத்தில் ஷட்டிலை எடுக்க முன்னால் பாய்ந்தபோது என் குதிகாலுக்கு மேலே படாரென்று ஓர் உதை விழுந்தது. திரும்பினால் பின்னால் நீ. எல்லோர் எதிரிலும் பளாரென்று அறைந்துவிட்டேன்.

"நான் தொடவே இல்லடா. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கைத்தாங்கலாகப் பிடித்தாய். "உதைச்சவனே வைத்தியம் சொல்றியா?" என்று உதறினேன். உதைதானே, தைலம் போதும் என்று நொண்டிக்கொண்டு திரிந்தேன்.

கடைசியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததும் கேட்டார்: "பின்னாலருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துதா? குதிகால் தசைநார் அறுந்தா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். யாரும் உதைச்சிருக்க மாட்டாங்க."

அன்றே போயிருந்தால் தைத்தே சரிசெய்திருக்கலாமாம். இப்போது கால் கட்டைவிரலுக்குப் போகும் தசைநாரை எடுத்து அங்கே பொருத்தியிருக்கிறார்.

என் மனைவி இன்னும் உன்னைத்தான் கரித்துக்கொட்டுகிறாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டுப்போட்ட காலோடு தபால்பெட்டி வரை போகவும் முடியாது. இதை அவளிடம்தான் கொடுத்தாக வேண்டும்.

உறையை ஒட்டாமல் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் கை நீட்டியவன்