தனி ஆளுக்கு வீடு கிடையாது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சூறாவளியில் வீடிழந்த குடும்பங்களுக்குப் புது வீடு கட்டித் தரும் வேலை இந்தத் தீவில் வேகமாக நடக்கிறது. ஒரு வீட்டுக்கு, அது கிடைக்கவிருந்த மீனவரே மூன்று மாதம் எங்களோடு மண் சுமந்தார். சாவி கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, நிவாரணக் கூடாரத்தில் காய்ச்சல் கண்டு அவர் மனைவி இறந்துபோனார். தனி ஆளுக்கு வீடு கிடையாது என்பது விதி. வீடு பெறுவோர் பட்டியலில் அந்த மீனவர் பெயரை அடித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

"இன்னும் ஒரு வாரம் அவ இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"கிடைச்சிருக்கும்யா."

அவர் கோபப்படவில்லை. அடுத்துப் பட்டியலில் இருந்த குடும்பம் சாவியோடு வந்தது. "மழைக்குப் பின்கதவு இறுகிக்கும், லேசா தூக்கித் திறங்க" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போனார்.

எனக்கு ஒன்றுமில்லை அப்பா, கவலைப்படாதீர்கள். மேலதிகாரி பாராட்டினார். தலைவலித் தைலம் இரண்டு புட்டி அனுப்புங்கள். வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்கும்படி எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி வையுங்கள்.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு பெயரை அடிக்க வேண்டும். நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்