வளராத ரிங்

அன்பு மகளுக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியமா? தலையில் இருந்த கண்ணாடியை அரை மணி நேரம் தேடும் அளவுக்கு நான் சௌக்கியம்.

நேற்று ஒரு பந்தய இன்ஜினுக்குப் பிஸ்டன் ரிங் போட்டேன். சூட்டில் விரியும் என்பதால் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடவேண்டும். அளவுத் தகட்டின் எண்ணைத் தப்பாகப் படித்து, முனையை அதிகமாக அராவிவிட்டேன். திரும்ப வளர அது என்ன என் தொப்பையா?

"என்னண்ணே, தூக்கமா? இன்னொரு தடவைன்னா ஊருக்குக் கெளம்ப வேண்டியதுதான்" என்றார் ஃபோர்மேன்.

"தூக்கந்தாங்க" என்றேன்.

இனிக் கடிதத்தைக் கொட்டை எழுத்தில் எழுது. அம்மா சொல்வதையும் நீயே எழுது. அவள் எழுத்து பொடி. மணியடித்துவிட்டது, அடுத்த இன்ஜின் காத்திருக்கிறது.

இனி எந்தக் கண்ணாடியாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னதை மட்டும் ஃபோர்மேனிடம் சொல்லவில்லை.

அப்பா